பீலியில் வந்த பச்சைத் தண்ணீர்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு, இவனெல்லாம் ஒரு மனுசனா என்று கேட்பீர்கள். கேட்டாலும் தவறில்லை. நானே என்னைப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் பிற்பாதி அது. பேராதனையில் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பேராசிரியரிடம் எனக்கு ஆய்வுகூட உதவியாளர் வேலை. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்து, தட்டுத் தடுமாறிப் படித்து வெளியே வந்தவனுக்கு அது பெரிய வேலைதான். போத்தல் கழுவுவது, மண் சலிப்பது, பேராசிரியரின் பையைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைவது எல்லாம் அதில் அடக்கம். வீட்டில் என்னை "சயின்ஸ் ஆபீசர்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.

கண்டி என்றால் எல்லோருக்கும் கருங்கல் மலைதான் நினைவுக்கு வரும். பல்லேகலவைத் தாண்டிப் போனால் நிலத்துக்கு அடியில் பட்டை பட்டையாக வெள்ளைக் கல் ஓடுகிறது. ஆதிகாலத்துச் சுண்ணாம்புக் கல், பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்து பளிங்காக இறுகியது. பார்த்தால் உறுதியான கல். ஆனால் மழைத்தண்ணீரிடம் மட்டும் அதன் பாச்சா பலிக்காது. மழை, காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கொஞ்சம் புளிப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும். கல்லின் வெடிப்புகளில் நுழைந்து, எண்ண முடியாத காலமாகக் கரைத்துக் கரைத்து, உள்ளே குழாயும் பொந்தும் குகையுமாக ஆக்கிவிடும். அப்படிப்பட்ட நிலத்தைக் கார்ஸ்ட் என்கிறார்கள். மேலே ஓடுகிற ஓடை ஒன்று திடீரென ஒரு குழிக்குள் விழுந்து காணாமல் போகும். பிறகு எங்கேயோ ஓரிடத்தில் ஊற்றாக வெளியே வரும். நடுவில் அது எந்த வழியாகப் போகிறது என்பது யாருக்கும் தெரியாது.

பேராசிரியர் என்னை ஒருநாள் அப்படியொரு பொந்துக்குள் ஊர்ந்து வரச் சொன்னார். வௌவால் நாற்றம். முழங்கை உரசுகிற இடுக்கு. டோர்ச் வெளிச்சத்தில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது தெரிந்தது. உள்ளே இருந்தது பத்து நிமிடம் இருக்கும். வெளியே வந்தபின் பல நாட்களுக்கு எனக்குத் தார் ரோட்டில் நடப்பதற்கே பயமாக இருந்தது. காலுக்குக் கீழே கெட்டியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த ஒன்று ஓட்டை என்று தெரிந்தால் அப்படித்தான் இருக்கும். அந்தக் காலத்தில் எனக்கு நிலத்தை மட்டுமல்ல, எதையுமே நம்ப முடியவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். பஸ்ஸில் யாராவது என்னை இரண்டு தடவை பார்த்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன்.

எங்கள் ஆராய்ச்சிக்குக் கிடைத்தது ஒரு சிங்களக் கிராமம். பெயர் வேண்டாம். மேட்டில் ஒரு குழி இருந்தது. மழைநாளில் அங்கே ஓடி வரும் ஓடையை அப்படியே விழுங்கிவிடும். ஊரார் அதைக் குப்பைக் கிடங்காக வைத்திருந்தார்கள். உடைந்த சட்டி, மரக்கறித் தோட்டத்து மருந்துப் போத்தல், செத்த நாய் எல்லாம் அதற்குள்தான். கீழே, ஊருக்கு நடுவில் ஒரு பீலி இருந்தது. பாறை இடுக்கிலிருந்து ஊறும் தண்ணீரை ஒரு சிறிய குழாயில் விழ வைத்திருந்தார்கள். குடிக்க, சமைக்க, குளிக்க ஊர் முழுவதற்கும் அதுதான். குழிக்குள் போகும் தண்ணீர்தானா பீலியில் வருகிறது? பேராசிரியருக்குத் தெரிய வேண்டியிருந்தது இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. குழியில் ஒரு சாயத் தூளைக் கலந்து விடுவது. பீலியின் அடியில் கொசுவலைத் துணியில் கட்டிய கரித்துண்டுகளை ஒளித்து வைப்பது. தண்ணீரில் சாயம் கண்ணுக்குத் தெரியாத அளவு வந்தாலும் கரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து எடுத்து ஆய்வுகூடத்தில் பார்த்தால் விடை வந்துவிடும். தூள் செங்கல்லைப் பொடித்தது போல இருக்கும். ஈரம் பட்டால்தான் அதன் குணம் தெரியும். கண் கூசுகிற பச்சையாகிவிடும். உடம்புக்குத் தீங்கில்லாதது என்று புத்தகங்கள் கூறின.

கரிப் பொட்டலங்களை முந்தின வாரமே நாங்கள் இருவரும் போய் வைத்துவிட்டு வந்தோம். சாயம் விடவேண்டிய நாளில் பேராசிரியருக்குக் காய்ச்சல். நல்ல மழை பெய்திருந்ததால் நாளைக் கடத்தவும் முடியவில்லை. என்னைக் கூப்பிட்டு ஒரு டின்னையும் ஒரு கடிதத்தையும் தந்தார். "நாலில் ஒரு பங்குதான் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் போய்ச்சேர வேண்டும். மிச்சத்தைத் திருப்பிக் கொண்டு வா. போனதும் முதல் வேலை, கிராம சேவகரிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. அவர் ஊராருக்குச் சொல்லட்டும்" என்றார். கடிதம் சிங்களத்தில் இருந்தது. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டிருந்தார்.

பஸ்ஸில் அதைப் பிரித்துப் படித்தேன். 'இவர் உங்கள் ஊர்த் தண்ணீரில் ஒரு இரசாயனச் சாயத்தைக் கலக்கிறார். அதனால் எந்தத் தீங்கும் இல்லை' என்று இருந்தது. எனக்கு முதல் வசனம் மட்டும்தான் கண்ணில் நின்றது. தமிழன் ஒருவன், ஊர்த் தண்ணீர், இரசாயனம். தண்ணீரில் நஞ்சு கலக்கப் போகிறார்கள் என்று ஊர் ஊராக வதந்தி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கடிதத்தை மடித்துப் பையின் அடியில் திணித்தேன்.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் என் அடையாள அட்டையைப் பார்த்தான், பெயரைப் பார்த்தான், டின்னைத் திறந்தான். இது என்ன என்றான்.

"குங்குமம். கோவிலுக்கு" என்றேன்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. சிப்பாய் விரலால் தொட்டுப் பார்க்கப் போனான். அவன் விரல் வியர்வையில் நனைந்திருந்தால் அங்கேயே பச்சையாகியிருக்கும், என் கதையும் முடிந்திருக்கும். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. டின்னை மூடித் தந்துவிட்டான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டின்னின் மூடி இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

கிராம சேவகரின் அலுவலக வாசலில் ஒரு ஜீப் நின்றது. யாருடைய ஜீப் என்று பார்க்கக்கூட நான் நிற்கவில்லை. வேறு வேலையாகப் போகிறவன் போல அந்த இடத்தைக் கடந்து, நேரே மேட்டுக்கு ஏறிவிட்டேன். கடிதத்தைத் திரும்பி வரும்போது கொடுக்கலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயம் பீலிக்கு வந்துசேர எப்படியும் இரண்டு மூன்று நாள் ஆகும் என்றுதான் பேராசிரியரும் கணக்குப் போட்டிருந்தார்.

குழியடியில் இன்னொரு யோசனை வந்தது. கோவிலுக்குக் கொண்டுபோன குங்குமத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் சாவடியில் என்ன சொல்வது? அதே சிப்பாய் நிற்பான். அவன் விரல் இந்தத் தடவை உள்ளே போகும். கையுறையை மாட்டிக்கொண்டு, வாளியில் தண்ணீர் மொண்டு, நாலில் ஒரு பங்கைப் போட்டேன். பிறகு டின்னைப் பார்த்தேன். பிறகு முழுவதையும் கவிழ்த்தேன். வாளியைக் குழிக்குள் சரித்தபோது நுரை ஒரு கணம் பச்சையாக எரிந்தது. குழி மடக்கென்று விழுங்கியது. டின்னையும் கையுறையையும் சருகுக்கு அடியில் புதைத்துவிட்டு, வந்த வழியே இறங்கினேன். அலுவலக வாசலில் ஜீப் இன்னும் நின்றது, கடிதம் பையிலேயே இருந்தது.

பஸ் இரண்டு மணிக்குத்தான். பீலிக்கு மேலே ரோட்டோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. பால் விடாத பிளேன்டி ஒன்று வாங்கி, ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். கிளாசை மேசையில் வைத்தபோது பார்த்தால், கண்ணாடியில் என் விரல் பட்ட இடத்தில் ஒரு பச்சைக் கோடு. கையுறைக்குள் தூள் போயிருக்கிறது. உள்ளங்கை வியர்க்க வியர்க்க, ரேகைகளில் பச்சை துளிர்த்துக்கொண்டிருந்தது. துடைத்தால் கைக்குட்டையும் பச்சை. கடைக்காரர் திரும்புவதற்குள் கிளாசைச் சட்டையில் துடைத்து, இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அப்படியே பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். நண்பகல் வாக்கில் கீழே ஒரு பெண் கத்தினாள். வத்துர, வத்துர என்று. தண்ணீர், தண்ணீர் என்கிறாள். அடுத்து அவள் என்ன சொன்னாள் என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் என்று நாங்கள் கணக்குப் போட்ட வழியை அது மூன்று மணித்தியாலத்தில் கடந்திருந்தது. கடையிலிருந்து எட்டிப் பார்த்தேன். பீலியிலிருந்து பச்சையாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இலைப் பச்சையில்லை, பாசிப் பச்சையில்லை, உலகத்தில் தண்ணீருக்கு இல்லாத ஒரு பச்சை. குடங்கள் உருண்டு கிடந்தன. ஒரு பெண் தன் சிறிய மகளின் வாயில் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கொஞ்சம் முன்புதான் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறது. தாய் அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். அங்கே பயந்துபோயிருந்தது நான் மட்டும் இல்லை. ஊரே பயந்திருந்தது. ஆனால் அவர்கள் பயப்பட ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் நான்.

ஆட்கள் சேர்ந்தார்கள். பீலியடியில் அந்த நேரம் குளித்துக்கொண்டிருந்தவர் ஒருவர். சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்கிற தமிழ் ஆள். நாற்பது வயதிருக்கும். அந்தப் பக்கத்துச் சூளைகளில் எங்கள் தோட்டங்களிலிருந்து போனவர்கள் பலர் வேலை செய்தார்கள். உடம்பில் ஒட்டிய சுண்ணாம்பு எரியத் தொடங்குமுன் கழுவ, மத்தியான இடைவேளையில் பீலிக்கு வருவார்கள். வருடக்கணக்காக ஊராரோடு ஒன்றாகக் குளித்தவர்தான். அன்றைக்கு அவர் சோப்புப் பெட்டியை இழுத்துக் கொட்டிப் பார்த்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு சேர்த்துப் பிடித்து, என்ன போட்டாய் என்று கேட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவன் கன்னத்தில் அறைந்தான்.

"கையைக் காட்டு" என்றான் இன்னொருவன்.

அவர் இரண்டு கையையும் விரித்தார். சுண்ணாம்பு தின்று வெளுத்து, வெடித்துப் போயிருந்த கைகள். அதில் பச்சையின் பொட்டுக்கூட இல்லை. அதைப் பார்த்தாவது விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பொலிசுக்கு ஆள் அனுப்பு என்று யாரோ சொன்னார்கள். எதற்குப் பொலிஸ் என்று வேறு யாரோ கேட்டார்கள். நாங்களே முடித்துவிடலாம் என்பதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம்.

நான் கடைக்குப் பின்பக்கம் போய், பீலி தெரிகிற சுவரோரத்தில் நின்றேன். பைக்குள் கை. கைக்குள் பச்சை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று என்னைக் கேட்டால் ஐந்து நிமிடம் என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்தபின் பொய் சொல்வானேன். அரை மணித்தியாலம். அதற்குள் அவரை மூன்று தடவை அடித்துவிட்டார்கள். பின்பக்கம் வாழைத்தோட்டம், அதைத் தாண்டினால் ஒற்றையடிப் பாதை, அது குண்டசாலை ரோட்டுக்குப் போகும். எல்லாவற்றையும் கண்ணால் அளந்து வைத்திருந்தேன். ஓடியிருப்பேன். வாழைத்தோட்டத்து வேலியில் ஒரு காலைத் தூக்கியும் வைத்துவிட்டேன்.

அந்த நேரம் ஒருவன் விறகுக் கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினான்.

நான் எப்படிப் பீலியடிக்குப் போனேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வாயைத் திறந்தேன், சிங்களம் வரவில்லை. தமிழும் வரவில்லை. கைகளைப் பையிலிருந்து எடுத்து, விழுகிற தண்ணீரில் நீட்டினேன். மணிக்கட்டு வரை பச்சையாக ஒழுகியது. கட்டையைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

"நான்தான்" என்றேன் சிங்களத்தில். "அவர் இல்லை. நான். இது நஞ்சு இல்லை. கடிதம் இருக்கிறது, கடிதம்."

என் சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. பை பறிபோனது. கடிதத்தை யாரும் படிக்கவில்லை, கசக்கினார்கள். நல்ல காலம், கூட்டத்தின் சத்தம் கேட்டுக் கிராம சேவகர் வந்து சேர்ந்தார். கடிதத்தை நீவி நிமிர்த்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, முத்திரையைப் பார்த்து, பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது.

"இதைக் காலையில் என் மேசையில் ஏன் வைக்கவில்லை?" என்றார். நான் ஜீப்பைப் பற்றிச் சொன்னேன். "அது விவசாய இலாகாக்காரரின் ஜீப்" என்றார்.

பிள்ளையின் தாய் முன்னால் வந்தாள். கையில் ஒரு கோப்பை. அதைப் பீலியில் பிடித்து என்னிடம் நீட்டினாள். "மாத்தயா, நஞ்சு இல்லை என்றால் குடியுங்கள்" என்றாள்.

புத்தகத்தில் தீங்கில்லை என்று படித்தவன் நான். ஆனால் முழு டின்னையும் கொட்டியவனைப் பற்றி எந்தப் புத்தகமும் எழுதவில்லை. கோப்பை என் பல்லில் தட்டியது. கண்ணை மூடிக் குடித்தேன். பயந்துகொண்டேதான் குடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் விழுந்து சாகவில்லை. பிள்ளையும் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவின் சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது.

"இதை எங்கே கொட்டினீர்கள்?" என்றாள். மேட்டுக் குழியைக் காட்டினேன். எப்போது என்றாள். காலையில் என்றேன். அவள் குழி இருக்கும் பக்கத்தை ஒரு தடவை பார்த்தாள், பீலியை ஒரு தடவை பார்த்தாள். "அப்படியென்றால் நாங்கள் அங்கே போட்டதெல்லாம்..." என்று தொடங்கி, முடிக்காமல் மகளைத் தூக்கி இறுக்கிக்கொண்டாள். பேராசிரியர் பிறகு ஒரு வருடம் எழுதிய அறிக்கையின் சாரம் அவளுக்கு அந்த ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. சுற்றி நின்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் யார் என்ன என்ன போட்டோம் என்று எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

சூளைக்காரரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கிராம சேவகர் மட்டும் அவருடைய சோப்புப் பெட்டியைப் பொறுக்கிக் கையில் கொடுத்தார். நானும் அவரும் ஒன்றாக ரோட்டுக்கு ஏறினோம். அவர் உதடு வீங்கியிருந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றோம். எனக்கு ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. பேசத் தெரியாதவன் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டேன்.

"அவங்க கேட்டப்போ ஏன் அண்ணே சும்மாவே நின்னீங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னாவது சொல்லியிருக்கலாமே?"

"தெரியாதுன்னு எப்படித் தம்பி சொல்றது? தெரியுமே."

எனக்கு விளங்கவில்லை.

"காலையில சூளைக்கு வெறகு பொறுக்க மேட்டுப் பக்கம் வந்தேன். நீங்க குழியில கொட்டுறத பார்த்தேன். ஏதோ நேர்த்திக்கடன்னு நெனச்சிட்டுப் போயிட்டேன். தண்ணி பச்சையா வந்தப்போதான் வெளங்கிச்சு."

"அப்ப அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே. நான்தான்னு காட்டிக் குடுத்திருக்கலாமே."

அவர் சாரத்தின் நுனியால் உதட்டை ஒற்றிக்கொண்டார். இரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்தார்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க கடைக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தீங்க. ஒங்க மொகத்த பார்த்தேன். அதுக்கப்புறம் சொல்ல மனசு வரல்ல."

பஸ் வந்தது. அவர் திரும்பவும் சூளைக்குப் போக வேண்டும், ஏறவில்லை. நான் ஏறினேன். படியில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவர் கையைத் தூக்கிக் காட்டினார். அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. கேட்டால் என் பெயரையும் சொல்ல வேண்டி வரும் என்று அப்போதும் எனக்குப் பயமாக இருந்தது.